பல்லுக்கீரை

கேத்தி பாலாடாவில் காலை எட்டு மணிக்குக்
கேரட் பாத்தியில் உட்காருகிறோம், ஏழு பேர்.
குளிர் முதலில் முழங்காலுக்குள் போகிறது,
பிறகுதான் ஸ்வெட்டருக்குள்.

கேரட் இன்னும் நூலிழை.
அதற்கு முந்திக்கொண்டு நிற்கிறது இது.
சாண் உயரம், ஓரம் அரிந்த இலை,
உச்சியில் பொட்டு மஞ்சள்,
சுற்றி ஐந்தே ஐந்து வெள்ளை இதழ்
இடைவெளி விட்டு,
பல் விழுந்த பிள்ளை சிரித்ததுபோல.
ஞானசெல்விதான் பெயர் வைத்தாள், பல்லுக்கீரை என்று.
தோட்டக்காரர் பெள்ளி அண்ணன் வீட்டில்
அது வெறும் சொப்பு.
அவர்கள் பாஷையில் கீரைக்கு அதுதான் பேர்.

பிடுங்குவது சுலபம்.
வேர் அடம்பிடிப்பதில்லை,
தொட்டால் கையோடு வருகிறது.
அங்கேதான் ஏமாறுகிறோம்.
வரப்பில் வீசிய செடி
இரண்டு நாள் தூறலில்
விழுந்த இடத்திலேயே வேர்விட்டுத்
தலையைத் தூக்கிப் பார்க்கிறது.
போன வாரம் முடித்த மேல்பாத்தியை
இந்த வாரம் முதலிலிருந்து தொடங்குகிறோம்.
யாரும் முணுமுணுப்பதில்லை.
நாள் கூலி.

வேளாண் ஆபீஸிலிருந்து ஒரு தம்பி வந்தார்.
ஷூவில் சேறு படாமல் வரப்பிலேயே நின்று
செல்போனில் படம் காட்டினார்.
பெயர் சொன்னார், வாயில் நிற்கவில்லை.
பெரு நாட்டு மலையிலிருந்து வந்ததாம்.
அந்நியக் களையாம். ஆக்கிரமிப்பாம்.
“உருளைக்கிழங்கு எந்த ஊர் சார்?”
மரியபுஷ்பம் நிமிராமலே கேட்டாள்.
கொஞ்சம் யோசித்தார். நல்ல பையன்,
பொய் சொல்லவில்லை.
“அதுவும் அந்த மலைதான்க்கா.”
ஒன்றுக்குச் சாக்கு, லாரி, மேட்டுப்பாளையம் மண்டி.
ஒன்றுக்கு எங்கள் எழுபது விரல்.

ஆக்கிரமிப்பு என்ற சொல் எங்களுக்குத் தெரியும்.
எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது,
தாசில்தார் கையெழுத்தோடு.
இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் என்று
கார்டு இருக்கிறது, பட்டா இல்லை.
இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை.
கீரையோடு என்னைச் சேர்த்துப் பார்க்க
எனக்கு ஆசையும் இல்லை.
கீரைக்கு மத்தியானம் பசிக்காது.

கீழே குன்னூர் ரயில் கூவும்போது
கை கழுவுகிறோம்.
பூக்காத கொழுந்தாகப் பார்த்து
ஒரு பை கிள்ளி வைத்திருப்பேன்.
பருப்பு, நாலு பல் பூண்டு, கிள்ளிய மிளகாய்.
வெந்தால் ஒரு பை ஒரு கரண்டி ஆகிவிடும்.
பட்டாணித் தோலின் வாசம்,
நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் புல்.
மகன் டெனிசன் தட்டை மோந்துவிட்டு
“மறுபடியும் களையாம்மா?” என்கிறான்.
வழித்துத் தின்கிறான்.

சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது
பெள்ளி அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.
ஜீப்பின் பின்னால் நீலக் கேன் இரண்டு.
“அடுத்த போகத்துக்கு மருந்து அடிச்சிரலாம்னு இருக்கேன்.
ஆள்கூலி கட்டுப்படியாகலை.”
கேரட் என்ன விலைக்குப் போனது என்று
சாக்குத் தைத்த எங்களுக்கும் தெரியும்.
கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார்.
“அப்புறம் அந்தச் சொப்பைத் தின்னாதீங்கம்மா.
நாங்களும் தின்ன மாட்டோம்.”
அதை மட்டும் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

கடைசிப் பாத்தி.
ஒன்று விடாமல் பிடுங்கினோம்,
இத்தனை சுத்தமாக என்றும் பிடுங்கியதில்லை.
குப்பைக்குழிக்கு என்று சொன்ன கூடையை
ஓடைக்கரைக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்தேன்.
அங்கே கேரட் வராது,
கேன் தூக்கிக்கொண்டு யாரும் இறங்க மாட்டார்கள்.
கூடவே வந்த ஞானசெல்வி
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
ஒவ்வொரு செடியாகத் திருப்பி வைத்தாள்,
வேர் மண்ணில் படும்படி.
நான் எதுவும் சொல்லவில்லை.
அவளும்.

மூன்று மணிக்குத் தூறல் பிடித்தது.